ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அப்பாவுக்குப் பாட்டு வெறும் சத்தமாகக் கேட்கிறது. இது என்ன?

மீனா_தஞ்சை | அக்டோபர் 9, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன். இன்று எழுதக் காரணம் அப்பா.

அப்பாவுக்கு 68 வயது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாட்டு முறையாகக் கற்றதில்லை, எல்லாம் கேள்வி ஞானம்தான். ரேடியோவில் ஆலாபனை ஆரம்பித்து இரண்டு பிடி போவதற்குள் ராகத்தைச் சொல்லிவிடுவார். தை மாதம் திருவையாறு ஆராதனைக்கு ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

ஆனிக் கடைசியில் ஸ்ட்ரோக் வந்தது. மூளையின் வலது பக்கம் என்றார்கள். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறவில்லை, ஆளை மறக்கவில்லை. பிசியோதெரபியில் கால் ஓரளவு தேறி இப்போது தடி ஊன்றி நடக்கிறார். அந்த அலைச்சலில் அவர் ரேடியோவே போடாமல் இருப்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை விடியற்காலை, பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பித்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து, "யாரும்மா இந்நேரத்துல தகரத்த இழுத்துக்கிட்டுப் போறது?" என்று கேட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை.

அன்று சாயங்காலம், அவருக்கு உயிரான ஒரு தோடி ராக ஆலாபனையை மொபைலில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் கேட்டார். பிறகு சொன்னார்: "ஆம்பளக் குரல். வயசானவர். பக்கத்துல வயலினும் இருக்கு. எல்லாம் கேக்குது மீனா. பாட்டுதான் எங்கன்னு தெரியல."

காது டெஸ்ட் எடுத்தோம். வயதுக்கு ஏற்றபடி நன்றாகவே இருக்கிறது. டாக்டர் மனச்சோர்வாக இருக்கும் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். அத்தை, "கை விழுந்த கோபத்துல வீம்புக்குச் சொல்றான்" என்கிறார். அப்பா யாரிடமும் வாதம் பண்ணுவதில்லை. ஆனால் நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, "எனக்குப் புத்தி பேதலிக்குதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்படி ஒன்று உண்டா? யாருக்காவது தெரியுமா?

சுபா | அக்டோபர் 9, இரவு 11.15

மீனா, ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு மனச்சோர்வு வருவதும் உண்மைதான். என் மாமனாருக்கு வந்தது. எனவே இங்கே யார் என்ன சொன்னாலும் அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் என் மாமனாருக்குப் பாட்டு பிடிக்காமல் போனது, அடையாளம் தெரியாமல் போகவில்லை. உங்கள் அப்பா சொல்வது வேறு மாதிரி இருக்கிறது.

தேன்மொழி_பேச்சுப்பயிற்சி | அக்டோபர் 10, காலை 6.50

மீனா, நான் சென்னையில் பேச்சு மொழிப் பயிற்சியாளராக இருக்கிறேன். ஸ்ட்ரோக் வந்தவர்களோடுதான் என் நாள் முழுக்கப் போகிறது. முதலில் உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: அவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அவர் சொல்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அமூசியா. 1888இல் ஜெர்மன் மருத்துவர் கினோப்லாக் இந்தப் பெயரை எழுதிவைத்தார். அதாவது நூற்று முப்பது வருஷத்துக்கும் மேலாக மருத்துவர்கள் பார்த்துவருகிற விஷயம். "பாட்டுதான் எங்கன்னு தெரியல" என்று அவர் சொன்னதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது.

காது சரியாக இருக்கும்போது எப்படி இப்படி ஆகும்? காது சத்தத்தை வாங்கி அனுப்பும், அவ்வளவுதான். இந்த ஸ்வரம் முந்தையதைவிட மேலேயா கீழேயா, எவ்வளவு தூரம், எல்லாம் சேர்ந்து என்ன உருவம், இதை முன்பே கேட்டிருக்கிறேனா என்பதெல்லாம் மூளையில் காதுக்குச் சற்று மேலே இருக்கும் டெம்போரல் லோப்பில் நடக்கிறது. அங்கே ரத்தம் கொண்டுபோவது நடு மூளைத் தமனி. ஸ்ட்ரோக்கில் அதிகமாக அடைபடுவது இந்தத் தமனிதான். வலது பக்கம் அடைபட்டால் இடது கை கால் விழும், பேச்சு பெரும்பாலும் தப்பிக்கும். பேச்சு தப்பித்ததால்தான் வேறு எதுவும் போகவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறோம். மருத்துவமனையில் "பெயர் சொல்லுங்கள், இது எத்தனை விரல்" என்று கேட்போம். "இது என்ன ராகம்" என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் தொழிலிலேயே இருக்கிற குறை இது, எனக்கு வருத்தமும்கூட.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அப்பா இலையில் சாப்பிடும்போது இடப்பக்கம் வைத்ததை விட்டுவிடுகிறாரா?

மீனா_தஞ்சை | அக்டோபர் 10, காலை 7.20

அக்கா, ஆமாம்! உப்பும் ஊறுகாயும் வைக்கவில்லை என்று தினமும் சண்டை. இலையைத் திருப்பி வைத்தால், "இப்ப வச்சியா?" என்கிறார். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

தேன்மொழி_பேச்சுப்பயிற்சி | அக்டோபர் 10, காலை 7.45

வலது மூளை அடிபட்டவர்களில் பலருக்கு இடது பக்க உலகத்தின் மேல் கவனமே போகாது. கண் கெட்டுப்போவதால் வருவது இல்லை. இதை உங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சாலை கடக்கும்போது இடப்பக்கம் வரும் வண்டி அவருக்குத் தெரியாமல் போகலாம். பாட்டைவிட இது அவசரம்.

மொன்றியால்_குமரன் | அக்டோபர் 10, பிற்பகல் 3.05

தங்கச்சி, நான் மொன்றியாலில் இருக்கிறேன். இங்கே உளவியல் படித்த காலத்தில், எங்கள் வகுப்புகளில் திரும்பத் திரும்பப் பேசப்பட்ட ஒரு நோயாளியின் கதையை உங்கள் அப்பாவுக்காக எழுதுகிறேன்.

மொன்றியால் பல்கலைக்கழகத்தில் இசபெல் பெரெட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் பரிசோதித்த ஒரு பெண். ஆய்வுக் கட்டுரைகளில் சி.என். என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடுவார்கள். தொழிலில் நர்ஸ், முப்பதுகளின் நடுவில் வயது. மூளையின் இரண்டு பக்க நடு மூளைத் தமனிகளிலும் ரத்தக்குழாய் வீங்கி, இரண்டு தடவை அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார். பேச்சு, வாசிப்பு, புத்திக்கூர்மை எல்லாம் நன்றாகத் தேறின. ஆனால் முன்பு நன்றாகத் தெரிந்த மெட்டுகள் ஒன்றுகூட அடையாளம் தெரியவில்லை.

கவனிக்க வேண்டியது, மற்றதெல்லாம் இருந்தது. பாட்டின் வரிகளை வாசித்துக் காட்டினால் எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவார். நாய் குரைப்பது, சேவல் கூவுவது எல்லாம் தெரியும். வரியைப் பிடுங்கிவிட்டு மெட்டை மட்டும் வாசித்தால் ஒன்றும் இல்லை. பெரெட்ஸ் குழு 1994இல் இதை வெளியிட்டபோது, மூளை இசைக்கென்று தனியாக ஏதோ வைத்திருக்கிறது, பேச்சை விட்டுவிட்டு அது மட்டும் அடிபடக்கூடும் என்பதற்கு மிக வலுவான சாட்சியாக அமைந்தது. சில வருஷம் கழித்து, இரண்டு மெட்டுகள் ஒன்றா வேறா என்று அவரால் சரியாகவே சொல்ல முடிந்தது. ஆனாலும் அது எந்த மெட்டு என்று மட்டும் தெரியவில்லை. காதில் உருவம் திரும்பி வந்துவிட்டது, நினைவில் இருக்கும் உருவத்தோடு அது போய்ச் சேரவில்லை. இதைப் படித்த அன்று நான் நூலகத்தில் இருந்து எழும்பவே இல்லை.

அதே ஆய்வுக்கூடத்தில் ஐ.ஆர். என்று இன்னொரு பெண். இவருக்கு இரண்டு மெட்டுகள் ஒன்றா வேறா என்பதே பிடிபடாது. ஆனால் ஒரு மெட்டு சந்தோஷமானதா சோகமானதா என்று கேட்டால், நல்ல மூளை உள்ளவர்களைப் போலவே சரியாகச் சொன்னார். தனக்கு இசை கேட்க இன்னும் பிடிக்கிறது என்றும் சொன்னார். எதைக் கேட்கிறோம் என்று தெரியாமலே அதன் உணர்ச்சி உள்ளே போய்ச் சேர்கிறது! உங்கள் அப்பாவுக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறதா என்று பாருங்கோ.

கோவை_ராஜு | அக்டோபர் 10, மாலை 6.30

எனக்கு ஒரு சந்தேகம். பேச்சும் சத்தம்தான், பாட்டும் சத்தம்தான். பேச்சிலும் ஏற்ற இறக்கம் இருக்கிறது. ஒன்று மட்டும் போய் இன்னொன்று நிற்குமா? இடது மூளை பேச்சு, வலது மூளை இசை என்று வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி அவ்வளவு சுலபமா?

தேன்மொழி_பேச்சுப்பயிற்சி | அக்டோபர் 10, இரவு 9.10

ராஜு சார், சுலபமாக இல்லை. வாட்ஸ்அப்பில் வருவது பாதி உண்மை.

வலது பக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது உறுதி. 1962இலேயே மொன்றியாலில் பிரெண்டா மில்னர், வலிப்புக்காக டெம்போரல் லோப்பை வெட்டி எடுத்தவர்களைப் பரிசோதித்தார். வலது பக்கம் எடுத்தவர்களுக்குத்தான் ஸ்வர வரிசையை நினைவில் வைப்பதும், வாத்தியத்தின் நாதத்தைப் பிரித்து அறிவதும் மோசமானது. 2016இல் பின்லாந்தில் 77 ஸ்ட்ரோக் நோயாளிகளின் ஸ்கேனை வைத்துப் பார்த்தபோதும், அமூசியா வந்தவர்களுக்கு வலது டெம்போரல் லோப்பின் மேல்மடிப்பு, அதை ஒட்டி உள்ளே இருக்கும் இன்சுலா, இன்னும் ஆழத்தில் இருக்கும் பகுதிகள் என்று இந்த வட்டாரமே அடிபட்டிருந்தது.

ஆனால் இடது பக்கம் சும்மா இருக்கவில்லை. பெரெட்ஸ் 1990இல் காட்டியது இது: மெட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்ற மொத்த வடிவத்தை வலது பக்கம் பிடிக்கிறது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் சரியாக எவ்வளவு இடைவெளி என்பதற்கு இடது பக்கமும் வேண்டும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஸ்வரம் போனவருக்கு லயம் இருக்கலாம், லயம் போனவருக்கு ஸ்வரம் இருக்கலாம். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை இல்லை.

நீங்கள் கேட்டதற்கு நேர் எதிர்ப் பக்கமும் இருக்கிறது. விஸ்ஸாரியோன் ஷெபாலின் என்ற ரஷ்ய இசையமைப்பாளருக்கு 1953இலும் 1959இலும் ஸ்ட்ரோக் வந்தது. இரண்டாவது தாக்கியபோது மற்றவர் பேசுவது சரியாகப் புரியவில்லை, தான் சொல்ல வந்ததும் வரவில்லை. அந்த நிலையில் அவர் தன் ஐந்தாவது சிம்பொனியை எழுதி முடித்தார். நரம்பியல் மேதை லூரியாவும் கூட்டாளிகளும் 1965இல் அதை விவரமாகப் பதிவுசெய்தார்கள். பேச்சு போய் இசை நின்றது. சி.என்.னிடம் இசை போய்ப் பேச்சு நின்றது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், இரண்டுக்கும் மூளையில் பொதுவழி எவ்வளவு இருந்தாலும் தனிவழியும் உண்டு என்று நம்ப வேண்டியிருக்கிறது.

பேச்சின் ஏற்ற இறக்கம் பற்றிக் கேட்டது மிகச் சரியான கேள்வி. சி.என்., ஐ.ஆர். இருவரிடமும் அதையும் சோதித்தார்கள். தொனியில் மட்டும் வித்தியாசப்படும் வாக்கியங்களைப் போட்டார்கள். சி.என். சமாளித்தார். ஐ.ஆர். தடுமாறினார். தமிழில் "வந்தாச்சா" என்று கடைசியில் 'ஆ' போட்டுக் கேட்கும்போது தொனி தெரியாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். "சாப்பிட்டாச்சு?" என்று இழுத்தால் அது கேள்வியா செய்தியா என்பது தொனியில்தான் இருக்கிறது. மீனா, அப்பாவிடம் இதையும் கவனியுங்கள்.

மிருதங்கம்_சேகர் | அக்டோபர் 10, இரவு 10.00

அம்மா மீனா, நான் கும்பகோணத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறவன். மருத்துவம் தெரியாது. தேன்மொழி மேடம் லயம் தனி என்று சொன்னதும் கை துறுதுறுக்கிறது. ராகம் எதுவும் வேண்டாம். மேஜையில் விரலால் ஆதி தாளம் எட்டு அட்சரம் தட்டுங்கள். பிறகு ஏழு அட்சரம் வரும் மிஸ்ர சாப்பு, தகிட தகதிமி. அப்பாவுக்கு என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். நல்ல ரசிகர் என்றால் இரண்டாவது ஆவர்த்தனத்துக்குள், அதாவது தாளத்தின் இரண்டாவது சுற்றுக்குள், சொல்லிவிடுவார்.

தேன்மொழி_பேச்சுப்பயிற்சி | அக்டோபர் 10, இரவு 10.25

நல்ல யோசனை. மீனா, சேகர் சார் சொன்னதோடு சிலதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கீர்த்தனையின் வரியைச் சும்மா வாசியுங்கள். அப்புறம் அதே மெட்டை வார்த்தை இல்லாமல் முனகுங்கள். வீட்டுச் சத்தங்கள், தெரிந்தவர்கள் குரல். இரண்டு ஸ்வரம் வாசித்து, ஒன்றா வேறா, எது மேலே. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யாதீர்கள். முகம் வாடினால் நிறுத்திவிடுங்கள்.

இதற்கென்று மொன்றியாலில் 2003இல் வந்த ஆறு பகுதிச் சோதனை இருக்கிறது. ஆனால் அதில் இருப்பதெல்லாம் மேற்கத்திய மெட்டுகள். நாற்பது வருஷம் தோடி கேட்டவரின் காதை அதை வைத்து அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் கேட்டு வளர்ந்ததை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் பார்ப்பதை நோய் நிர்ணயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதிவைத்து, நரம்பியல் மருத்துவரிடமும் பக்கத்தில் இருக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் காட்டுங்கள்.

மீனா_தஞ்சை | அக்டோபர் 19, இரவு 9.30

எல்லோருக்கும் பெரிய நன்றி. ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவைக் கூடத்தில் ஈசிசேரில் உட்காரவைத்தேன். நான் திரைக்குப் பின்னால். தம்பி, அத்தை, பால்காரர், மூன்று பேரையும் பேசவைத்தேன். மூன்றும் சரி. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. நான் கேட்கவே இல்லை, அவராகவே, "மூணாவது விசில், அடுப்ப அணை" என்றார்.

கீர்த்தனையின் பல்லவியை வாசித்தேன். நான் பாதியில் நிற்க, மீதியை அவர் சொல்லி முடித்து, "கல்யாணி, ஆதி" என்றார். அடுத்து அதே பல்லவியை வார்த்தை இல்லாமல் முனகினேன். பாட்டு வகுப்பில் ஆறு வருஷம் இருந்தவள் நான், சுருதி விலகாமல்தான் முனகினேன். அப்பா காத்திருந்தார். "ஆரம்பிம்மா" என்றார். நான் முடித்தே விட்டிருந்தேன்.

மூன்றாவதாக வார்த்தையோடு பாடினேன். எந்தப் பாட்டு என்று தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னார்: "நீ படிக்கிற. பாடல."

பக்கத்து வீட்டுப் பெண் கீபோர்ட் எடுத்து வந்தாள். கீழ் சட்ஜமும் மேல் சட்ஜமும் வாசித்தால் வேறு என்கிறார். சட்ஜமும் அதற்கு அடுத்த ஸ்வரமான ரிஷபமும் வாசித்தால், "ரெண்டும் ஒண்ணுதானே" என்கிறார். நாலு தடவை கேட்டோம். நாலு தடவையும் அதே பதில். ராகத்தில் ஒரு கமகம், ஸ்வரத்தின் ஓர் அசைவு, மாறினால் முகம் சுளித்த மனுஷன். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

ஆனால் சேகர் ஐயா, உங்கள் பங்கைக் கேளுங்கள். மேஜையில் தட்டினேன். இரண்டாவது ஆவர்த்தனம்கூடப் போகவில்லை. "ஆதி." அடுத்தது தட்டினேன். "மிஸ்ர சாப்பு. நீ ஏழாவதுல அவசரப்படுற" என்று என்னைத் திருத்தினார்! வலது கையால் தொடையில் அவரே போட்டுக் காட்டினார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அந்தக் கை தாளம் போட்டு இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

குமரன் அண்ணா சொன்னதையும் பார்த்தேன். மெதுவாக ஒரு முகாரி, வேகமாக ஒரு மோகனம். ராகம் தெரியவில்லை. முதலாவதற்கு, "யாரோ செத்த வீடு மாதிரி" என்றார். இரண்டாவதற்கு, "இது கலகலன்னு போகுது" என்றார்.

ராத்திரி அந்த நர்ஸ் அம்மா கதையை அப்பாவுக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தம்மாவுக்குப் பைத்தியம் இல்லையே?" இல்லப்பா, நல்ல புத்தியோடு இருந்தார் என்றேன். "அப்ப சரி" என்று படுத்தார். காலை ஆறு மணி வரை தூங்கினார்.

மொன்றியால்_குமரன் | அக்டோபர் 19, இரவு 11.50

வேகத்தை வைத்து உணர்ச்சியைப் பிடித்திருக்கிறார். ஐ.ஆர். செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். வேகமும், மேற்கத்திய இசையில் மேஜர் மைனர் என்று சொல்லும் ஸ்வர வரிசை வித்தியாசமும்தான் அவருக்குத் துணைநின்றன. அதே ஐ.ஆர்., சுருதி சேராமல் காதைக் கிழிக்கிற மாதிரி வாசித்ததைக் கேட்டும் முகம் சுளிக்கவில்லை. உங்கள் அப்பாவின் தகரச் சத்தத்தை நினைக்கும்போது, ஒவ்வொருவருக்கும் இது ஒவ்வொரு மாதிரி வெளிப்படுகிறது என்று தெரிகிறது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கோ.

தேன்மொழி_பேச்சுப்பயிற்சி | அக்டோபர் 20, காலை 7.00

மீனா, இவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறீர்கள். இதை அப்படியே அச்செடுத்து மருத்துவரிடம் கொடுங்கள். குரல், வீட்டுச் சத்தம், வார்த்தை, லயம் நிற்கின்றன. ஸ்வரத்தின் உயரத்தைப் பிரித்தறிவது அடிபட்டிருக்கிறது. மனச்சோர்வு இருந்தால் எல்லாமே மங்கியிருக்கும். சட்ஜமும் ரிஷபமும் மட்டும் ஒன்றாகி, மிஸ்ர சாப்பு தெளிவாக நிற்காது. வீம்பு என்று சொல்லும் அத்தைக்கும் இதைக் காட்டுங்கள்.

திரும்ப வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். பின்லாந்தில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நடு மூளைத் தமனி அடைபட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் முதல் வாரத்தில் அமூசியா இருந்தது. மூன்று மாதத்தில் அந்த எண்ணிக்கை குறைந்தது. எனவே பலருக்கு வருகிறது, சிலருக்குத் தானாகத் தேறுகிறது. அப்பாவுக்கு மூன்று மாதம் தாண்டிவிட்டது. முழுக்கத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இதற்கென்று மாத்திரை இல்லை. அதே ஆய்வில், அமூசியா இருந்தவர்களுக்குக் கவனமும் உடனடி நினைவும் சேர்ந்து பலவீனமாக இருந்தன. அதனால் கவனத்துக்கான பயிற்சிகளை விடாதீர்கள். இலையில் இடது ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பிப்பதும் ஒரு பயிற்சிதான்.

அப்புறம், யாராவது உங்களிடம் "தினமும் ஒரு மணி நேரம் பாட்டு போடு, மூளை தேறும்" என்று சொல்லக்கூடும். பின்லாந்திலேயே 2008இல் வந்த ஆய்வு அது. தாங்கள் விரும்பிய இசையைத் தினமும் கேட்டவர்களுக்கு வார்த்தை நினைவும் கவனமும் கூடுதலாகத் தேறின. நல்ல ஆய்வுதான். ஆனால் தகரம் இழுக்கிற மாதிரி கேட்கிறவருக்கு ஒரு மணி நேரம் போட்டால் அது தண்டனை. அவர் கேட்டால் போடுங்கள். வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள்.

கோவை_ராஜு | அக்டோபர் 20, காலை 9.40

மீனா, நான் சந்தேகமாகக் கேட்டதைத் தவறாக நினைக்க வேண்டாம். சட்ஜம் ரிஷபம் பற்றி எழுதியதைப் படித்த பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை.

தேன்மொழி மேடம், என் பெரியம்மாவுக்கு மறதி நோய். என் பெயர் தெரியாது. ஆனால் திருப்புகழ் ஆரம்பித்தால் சந்தம் தப்பாமல் கூடவே பாடுகிறார். அது எப்படி?

தேன்மொழி_பேச்சுப்பயிற்சி | அக்டோபர் 20, பிற்பகல் 1.15

அல்சைமரில் முதலில் அழிவது வேறு இடங்கள் ராஜு சார். நெடுநாள் பழகிய பாட்டை வைத்திருக்கும் பகுதிகளில் சில, நோய் முற்றும்வரை ஓரளவு தப்பிக்கின்றன. 2015இல் ஜெர்மனியில் ஸ்கேன் வைத்தே இதைக் காட்டியிருக்கிறார்கள். பெரியம்மாவோடு நீங்களும் சேர்ந்து பாடுங்கள்.

மிருதங்கம்_சேகர் | அக்டோபர் 20, இரவு 8.30

மீனா அம்மா, "ஏழாவதுல அவசரப்படுற" என்று சொன்னாரே, அந்த ஒரு வரியை என் மாணவர்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ராகம் போனாலும் அவர் இன்னும் சங்கீதக்காரர்தான். தஞ்சையில் என் மாணவன் ஒருவன் இருக்கிறான். கஞ்சிராவும் வாசிப்பான். அப்பா சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்து கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்வது, சொல்லட்டும். அதில் ஸ்வரமே கிடையாது. சொல்லும் லயமும்தான். காசு வேண்டாம்.

மீனா_தஞ்சை | ஜனவரி 28, இரவு 9.05

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன்.

புது நரம்பியல் மருத்துவர் நான் எழுதியதை முழுக்கப் படித்தார். எம்ஆர்ஐ படத்தில் வலது காதுக்கு மேலே வெளுத்துக் கிடந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு அப்பாவிடமே காட்டினார். "உங்க தோடி இங்கதான் இருந்தது சார்" என்றார். அப்பா அந்தப் படத்தை பீரோவில் தன் சேமிப்புப் பத்திரங்களோடு வைத்திருக்கிறார். அத்தை இப்போது வீம்பு என்று சொல்வதில்லை.

சட்ஜமும் ரிஷபமும் இன்னும் ஒன்றுதான். சட்ஜமும் அதைவிடத் தள்ளி இருக்கும் பஞ்சமமும் இப்போது சில நாள் வேறாகக் கேட்கிறது, சில நாள் இல்லை. "சாப்பிட்டாச்சு?" என்று நான் போனில் கேட்டால் பதில் சொல்வதில்லை. "சாப்பிட்டாச்சா" என்றால் உடனே சொல்கிறார். இப்போது வீட்டில் எல்லோரும் கடைசியில் 'ஆ' போட்டுத்தான் கேட்கிறோம்.

சேகர் ஐயாவின் மாணவன் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. முதல் நாள் அப்பா பேசவே இல்லை, தாளம் மட்டும் போட்டார். நாலாவது வாரம் ஒரு கோர்வையை, தாளச் சொற்களின் ஒரு தொடரை, அவரே சொல்லிப் பார்த்தார். நாக்கு உருளவில்லை. மறுபடி சொன்னார்.

இந்த வருஷம் ஆராதனைக்குப் போக வேண்டும் என்று அவர்தான் கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அத்தனை பேர் சேர்ந்து பாடும்போது தாங்குவாரா என்று. பந்தல் ஓரத்தில் நாற்காலி போட்டு, அவர் இடப்பக்கம் நான் உட்கார்ந்தேன். பாட ஆரம்பித்ததும் முகம் இறுகியது. "போலாமாப்பா?" என்றேன். தலையாட்டவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் வலது கை தொடையில் விழ ஆரம்பித்தது. கடைசிவரை நிற்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "வார்த்தை காதுல விழுந்துச்சு. அதனால எந்த இடம்னு தெரிஞ்சுது. ராகம் விழல" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஞாயித்துக்கிழம அந்தப் பையன் வரான்ல?" என்று கேட்டார்.

மிருதங்கம்_சேகர் | ஜனவரி 28, இரவு 9.40

வருவான் அம்மா. இந்த வாரம் நானும் வருகிறேன்.